தலை சாய்த்த மாப்பிள்ளையும் ஆட்டுக் கண்ணும்

விழுப்புரம் மார்க்கெட்டில் அந்தக் காலத்தில் ஆட்டுத்தலை விற்றவர்கள் நாலு பேர். மூன்று பேரிடம் வாங்கினால் சாப்பிடும்போது பல்லில் எலும்புச் சில் மாட்டும். நாலாவது ஆள் சவுரியம்மாள். அவளிடம் வாங்கியவர்கள் பல்லைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள்.

"வாங்கினமா போனமான்னு இல்லாம இன்னாத்துக்கு அதும் வாயப் பொளந்து பாத்துக்கினு நிக்கற? ஆடு உன்கிட்ட பேசப் போவுதா?" என்பாள். கேட்டவர் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான்.

அவள் பிறந்தது பிரம்மதேசம் என்ற ஊருக்குப் பக்கத்தில் பனைமரங்கள் நிறைந்த ஒரு காலனியில். எட்டு வயதிலிருந்து அவளுடைய வேலை நுங்கு எடுப்பது. நுங்கு எடுப்பது பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் எடுத்துப் பார்க்கலாம். விரல் கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் உடைந்து முழங்கை வரை வழியும். சவுரியம்மாள் கையில் உடைந்த நுங்கை யாரும் பார்த்ததில்லை.

பூமாலை என்பவனைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தபோது, கறிக்கடை வைத்திருந்த கோட்டக்குப்பத்து பாய் அவள் முன்னால் ஒரு ஆட்டுத்தலையையும் வெட்டுக்கத்தியையும் வைத்து, "நடுவுல ஒரு போடு போடும்மா, ரெண்டாப் பொளந்துக்கும்" என்றார். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது பெரிய நுங்காகத் தெரிந்தது. கத்தியைத் திருப்பி அதன் முதுகால் கொம்புக்குப் பின்னால் சுற்றிலும் தட்டினாள். மண்டையின் மேல் ஓடு மூடி மாதிரி கழன்று வந்தது. ஈரக் கையை ஓரமாக விட்டு மூளையை முழுசாக அள்ளி வாழையிலையில் வைத்தாள். பாய் மூளையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு, "நீ இனிமே இங்கயே இரு" என்றார்.

அவள் புருஷன் பூமாலைக்கு வேலை, கண்டாச்சிபுரம் சந்தையிலிருந்து பாயின் கடைக்கு ஆடு ஓட்டி வருவது. நல்லவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். பேசுவான். ஒரு தடவை நாற்பது ஆட்டை ஒண்டியாக ஓட்டி வரும்போது வழியில் ஒரு சிறுத்தை குறுக்கே வந்ததாம். இவன் அதட்டினானாம், அது போய்விட்டதாம். கல்யாணமான புதிதில் அந்தச் சிறுத்தை பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மகள் இருதயமேரி பிறந்தபோது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அது மாட்டுவண்டியை மறித்து நிற்கும் உருப்படியாகிவிட்டது. கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொள்வார்கள். பூமாலைக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், கோடை லீவில், விருத்தாசலம் என்ற வாத்தியார் அவளைத் தேடி வந்தார். மெட்ராஸில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குப் பாடம் சொல்கிறவர். திண்டிவனத்தில் மாமனார் வீடு. லீவுக்கு வந்த மாப்பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்காமல் ஒரு பையில் கண்ணாடி ஜாடிகளும் இடுக்கியுமாகக் கறிக்கடை கறிக்கடையாகச் சுற்றினால் மாமனார் என்ன நினைப்பார்? நினைத்தார். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"ஆட்டு மூளை வேணும்மா" என்றார் வாத்தியார்.

"வறுவலுக்கா, கொழம்புக்கா சார்?"

"சாப்பிடறதுக்கு இல்லம்மா. பார்க்கறதுக்கு."

சவுரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயிலு கொஞ்சம் ஜாஸ்தியாதான் கீது. இப்படி நெழல்ல வந்து குந்துங்க சார்" என்றாள்.

உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான். மூளைக்கு அடியில் காம்பு மாதிரி ஒரு தண்டு இருக்கிறது. கண்ணை அசைக்கும் நரம்புகள் அதிலிருந்துதான் புறப்படுகின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று. அவற்றில் ஒன்று மட்டும் தண்டின் முதுகுப் பக்கத்தில் கிளம்பி, வலதில் பிறந்தது இடது கண்ணுக்கும் இடதில் பிறந்தது வலது கண்ணுக்கும் போகிறது. தையல் நூலைவிட மெல்லிசு. அதை அறாமல் கண்ணோடு சேர்த்து எடுக்க வேண்டும். திண்டிவனத்தில் பதினோரு தலை பார்த்தாயிற்று, பதினொன்றிலும் அறுந்துபோயிற்று.

"கத்தியால பொளந்தா அறாம இன்னா பண்ணும்?" என்று சவுரியம்மாள் ஒரு தலையை எடுத்தாள். மேல் ஓட்டைக் கழற்றினாள். மூளையை அள்ளாமல், சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி ஓரத்தை விரலால் விலக்கினாள். பிறகு கண்குழியின் கூரையைச் சின்னச் சின்னதாகத் தட்டி எடுத்தாள். வாத்தியார் மூக்குக் கண்ணாடி தலைக்குள் விழுகிற அளவுக்குக் குனிந்தார். காம்பின் முதுகிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் சுற்றி வளைந்து கண்குழிக்குள் போய், அங்கே ஒரு தசையில் முடிந்தது. அந்தத் தசையின் நார் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து திரும்பிக் கண் உருண்டையைப் பிடித்திருந்தது.

"தே பாரு, கெணத்துக் கப்பி!" என்றாள் சவுரியம்மாள். "இத்தினி வருசம் தலை வெட்டறேன். கண்ணுல கப்பி வெச்சிக்கினு கீதுன்னு தெரியாம போச்சே."

வாத்தியார் எழுந்து அவளுக்குக் கும்பிடு போட்டார். மார்க்கெட்டில் ஒருவர் ஆட்டுத்தலைக்காரிக்குக் கும்பிடு போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் அவள் திட்டுவாள். "ஜல்தி ஜாடியில போடு சார், ஈ மொய்க்குது" என்று அவரையே விரட்டினாள்.

அன்றிலிருந்து தினம் காலை பஸ்ஸில் அவர் வந்துவிடுவார். வந்த மூளையெல்லாம் ஜாடிக்குப் போனது. இதில் வயிறெரிந்த ஆள் வக்கீல் குமாஸ்தா தாண்டவராயன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூளை வறுவல் சாப்பிட்டால்தான் வாய்தா தேதியெல்லாம் ஞாபகம் நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மூன்று ஞாயிறு மூளை கிடைக்காமல், அடுத்து வந்த திங்கட்கிழமை ஒரு கட்சிக்காரரைத் தப்பான கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார். "அந்த வாத்தியார் ஒருத்தரே அத்தனையும் தின்றாரு. இல்லன்னா அவ்வளோ படிப்பு எப்படி வரும்?" என்று அவர் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது.

சவுரியம்மாளுக்கு அப்போது அதைவிடப் பெரிய பேஜாரு வீட்டில் இருந்தது. இருதயமேரியை ராயப்பன் என்ற பையன் பெண் கேட்டு வந்திருந்தான். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். ஜங்ஷனில் வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. மாதா கோயிலில் பார்த்துப் பார்த்து மேரிக்கும் பிடித்திருந்தது. மேரி அம்மாவைப் போல இல்லை, பேச மாட்டாள். "வேற யாரையும் பாக்காதீங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவை பேசுகிறவள் சொன்னால் அது எத்தனை பெரிய சொல் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

பூமாலை முடியாது என்றுவிட்டான். காரணம், பெண் பார்க்க வந்த அன்று ராயப்பன் உட்கார்ந்த லட்சணம். தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூமாலை சிறுத்தைக் கதையை எடுத்தான். ராயப்பன் தலையைச் சாய்த்தபடி அவனையே பார்த்தான். சிறுத்தை உறுமியது. ராயப்பன் சாய்ந்த தலையோடு பார்த்தான். பூமாலை அதட்டினான், சிறுத்தை ஓடியது. ராயப்பன் அப்போதும் அப்படியேதான் பார்த்தான், 'நெசமாவா?' என்று கேட்பவனைப் போல.

"நான் சொன்ன ஒண்ணையும் அவன் நம்பல. எங்க ஊட்லயே குந்திக்கினு என்னையே கேலி பண்றான்" என்று பூமாலை குதித்தான். அவன் அக்கா மகன் ஒருத்தன் செஞ்சிப் பக்கம் இருந்தான். மாமா எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான். சிறுத்தைக்கு இரண்டு தடவை ஆட்டுவான். அவனுக்கே மேரியைக் கொடுப்பது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க, அதாவது இன்னாருக்கு இன்னார் என்று பூசையில் அறிவிக்க வைப்பது என்று பூமாலை முடிவு கட்டிவிட்டான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்துவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேரி இரண்டு நாளாகக் கேப்பைக் கூழைத் தொடவில்லை.

வியாழக்கிழமை ராயப்பன் டூட்டி முடிந்து நேராக மார்க்கெட்டுக்கு வந்தான். "நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க அத்தை" என்று தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்தத் தலையதாம்பா சொல்றாரு. நேரா வெச்சிக்கினா இன்னா?"

அவன் தலையை நிமிர்த்தப் பார்த்தான், அது மறுபடி சாய்ந்துகொண்டது. பக்கத்தில் ஜாடியோடு இருந்த வாத்தியார் எழுந்து வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "தம்பி, தலையைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்ங்க" என்றார். ராயப்பன் தயங்கித் தயங்கிச் சாய்த்தான். சவுரியம்மாள் கண்ணெதிரே அவனுடைய வலது கண் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

"இப்ப எதைப் பார்த்தாலும் ரெண்டா தெரியுதா?"

ராயப்பன் தலையைச் சட்டென்று பழைய பக்கத்துக்கே சாய்த்துக்கொண்டான். "ஆமா சார். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. நேரா வெச்சாலும் ரெண்டுதான். சின்ன வயசுலேந்தே இப்படித்தான். பேய் புடிச்சிருக்குன்னு சொல்லிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. இடது பக்கம் சாய்ச்சா ஒண்ணா சேந்துடும். வேலைக்கு டெஸ்ட் பண்ண டாக்டரு ஒரு ஒரு கண்ணா மூடித்தான் படிக்கச் சொன்னாரு. ரெண்டு கண்ணும் பர்ஸ்ட் கிளாஸ்னு எழுதிட்டாரு."

"அப்போ எங்க மேரியும் உனக்கு ரெண்டாதான் தெரியுதா?" என்றாள் சவுரியம்மாள்.

"தலைய நேரா வெச்சா ரெண்டு அத்தை. அதான் சாய்ச்சிக்கினேன். எனக்கு ஒண்ணு போதும்."

சவுரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியைக் காரணமில்லாமல் திட்டினாள்.

வாத்தியார் விளக்கினார். அந்த மெல்லிசு நூலும் கப்பியும் மனுஷனுக்கும் உண்டு. கண்ணைக் கீழே இறக்குவதும் கொஞ்சம் உருட்டுவதும் அதன் வேலை. இவனுக்கு வலது கண்ணின் நூல் பிறவியிலேயே பலம் குறைவு. அதனால் அந்தக் கண் மேலே போய்விடுகிறது. தலையைச் சாய்த்து அதைச் சரிக்கட்டிக்கொள்கிறான். கழுத்திலும் கோளாறில்லை, மனசிலும் கோளாறில்லை.

"ஆட்டுக்கு அந்த நூலு இன்னா பண்ணுது சார்?" என்று கேட்ட சவுரியம்மாள், அவர் பதில் சொல்வதற்குள் தானே சொன்னாள். "இரு சார், இரு. உயிரோட கீற ஆட்டுக்குக் கண்ணுல கறுப்புக் கோடு எப்பவும் தரையோட தரையா படுத்துக்கினு கீது. குனிஞ்சாலும் அப்படித்தான், நிமிந்தாலும் அப்படித்தான். எங்கிட்ட வர்ற தலையில அப்படி இல்ல. தலைய எப்படி வெச்சா கோடும் அப்படியே போவுது. செத்தா கோடு சாஞ்சிடுதேன்னு நான் நெனச்சிக்கினே இருப்பேன். இந்த நூலுங்கதான் புடிச்சி உருட்டிக்கினு இருந்துதா?"

வாத்தியார் நோட்டுப் புத்தகத்தைத் தேடினார். கையில்தான் இருந்தது. "ஆமாம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா" என்றார்.

அன்று மதியமே அவள் புருஷனிடம் நூலையும் கப்பியையும் எடுத்துச் சொன்னாள். பூமாலை ஏற்கவில்லை. "முப்பது வருசமா ஆடு ஓட்டறேன். எனக்குத் தெரியாத ஆட்டுக் கண்ணா? தலை திரும்பினா கண்ணுல கோடும் கூடவே திரும்பும். நூலாம், கப்பியாம்! மூளை தின்ற ஆளு சொன்னான்னு நீ நம்பற."

"திரும்பாது."

"திரும்பும்."

"திரும்பலன்னா மேரி ராயப்பனுக்குத்தான். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கறேன். திரும்பிச்சின்னா எங்க அக்கா மவனுக்கு."

சொன்ன பிறகுதான் சவுரியம்மாளுக்கு உறைத்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஆட்டின் கண்ணில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே.

சனிக்கிழமை காலை மார்க்கெட் வாசலில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினார்கள். மேரி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் ராயப்பன். ஜாடியையெல்லாம் கீழே வைத்துவிட்டு வாத்தியாரும் வந்து நின்றார். தீர்ப்புச் சொல்ல தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். கோர்ட் பழக்கமுள்ளவர் என்பதால் அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வருகிற ஞாயிறு ஒரு மூளை உண்டு என்று சவுரியம்மாள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பூமாலைக்குத் தெரிந்திருந்தால் அது ஒரு தனி வழக்காகியிருக்கும்.

ஆடு பக்கவாட்டில் நின்றது. பூமாலை அதற்கெதிரே குந்தி உட்கார்ந்தான். சவுரியம்மாள், ஆடு விரும்பித் தின்கிற மல்லாட்டைக் கொடியில் ஒரு பிடியை ஆட்டின் முகத்துக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ஆடு நிமிர்ந்தது. பிறகு கொடியை மெல்லத் தரைக்குக் கொண்டு போனாள். ஆடு குனிந்தது.

"பாத்தியா! திரும்பிச்சி! நல்லாத் திரும்பிச்சி!" என்று பூமாலை தொடையைத் தட்டினான்.

மேரி தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சவுரியம்மாள் குனிந்து ஆட்டின் கண்ணைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கோடு அசையவே இல்லையே! தாண்டவராயனைப் பார்த்தாள். அவர் ஆட்டைப் பார்க்கவில்லை, பூமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா நடக்கட்டும்" என்றார் தாண்டவராயன்.

இரண்டாவது தடவை சவுரியம்மாளும் ஆட்டை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஆடு குனியக் குனிய, பூமாலையின் தலையும் கூடவே சாய்ந்தது. ஆட்டின் மூக்கு மண்ணைத் தொட்டபோது அவனுடைய காது தோளைத் தொட்டிருந்தது.

"திரும்பிச்சி!" என்றான், அப்படியே சாய்ந்தபடி.

"யோவ், ஆட்டுக் கூடவே நீயும் தலைய சாய்ச்சிக்கினு பாக்கற. பின்ன கோடு திரும்பினாப்பலதான் தெரியும்."

"நானா? நான் எங்க சாய்ச்சேன்?" என்று பூமாலை கேட்டான். கேட்டபோதும் தலை சாய்ந்துதான் இருந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவன் ராயப்பன் ஒருவன்தான்.

சவுரியம்மாள் கொடியை மேரியின் கையில் கொடுத்துவிட்டு, புருஷனுக்குப் பின்னால் போய் அவனுடைய இரண்டு காதையும் பிடித்துத் தலையை நேராக நிறுத்தினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பிடித்ததில்லை. "இப்ப பாரு" என்றாள். மேரி கொடியை மேலே தூக்கினாள். கீழே இறக்கினாள். ஆட்டின் மூக்கு இறங்கியது, கொம்பு முன்னால் வந்தது, காது தொங்கியது. கண்ணுக்குள் அந்தக் கறுப்புக் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்தபடி இருந்தது.

பூமாலை மூன்று தடவை பார்த்தான். நாலாவது தடவை அவனே கேட்டு வாங்கிப் பார்த்தான். ஆட்டுக்கு வயிறு நிறைந்துவிட்டது. பிறகு எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். தாண்டவராயன் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை.

"முப்பது வருசம்" என்றான் பூமாலை. "என் எதிர்லயே இருந்துக்கிது." பிறகு பெண்டாட்டியை ஓரமாக இழுத்துப் போய், யாருக்கும் கேட்காமல் கேட்டான். "அப்போ அந்தப் பையன் அன்னிக்கி என் சிறுத்தைய நம்பித்தான் பாத்துக்கினு இருந்தானா?"

"என்னை இன்னாத்துக்கு கேக்கற? அவனையே கேளு."

கேட்டான். ராயப்பன் தலையைச் சாய்த்து, "நம்பினேன் மாமா. ரா முச்சூடும் எனக்குத் தூக்கமே வரல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. விழுப்புரத்திலேயே அந்தக் கதையை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவன்தான் என்பது சவுரியம்மாளுக்கு அப்போது புரிந்தது. பூமாலைக்கும் புரிந்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. மறுநாள் கோயிலில் ராயப்பன் பெயரும் இருதயமேரி பெயரும் சேர்த்து ஓலை வாசித்தார்கள்.

வாத்தியார் லீவு முடிந்து போய், மறு வருஷம் ஒரு அச்சுப் புத்தகம் அனுப்பினார். எல்லாம் இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் சவுரியம்மாள் பெயரும் விழுப்புரம் என்ற பெயரும் இருப்பதாகத் தாண்டவராயன் படித்துச் சொன்னார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடைப் பலகையில் ஒட்டிவைத்தாள். அதன் பிறகு அவள் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது என்பது மார்க்கெட்காரர்களின் புகார்.

அதற்கு முந்தியே நடந்த மேரியின் கல்யாணத்தன்று, தாலி கட்டியதும் கோயில் வாசலில் எல்லோரையும் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "மாப்பிள்ளை, தலையை நேரா வைங்க" என்றார். ராயப்பன் வைத்தான். உடனே எதிரே இரண்டு போட்டோக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும். தலை தானாகச் சாய்ந்தது. போட்டோக்காரர் வந்து கையால் நிமிர்த்திவிட்டுப் போனார். சாய்ந்தது. மறுபடியும் அவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதாவது சொல்லித் தொலைக்கலாமென்று சவுரியம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் பூமாலை குறுக்கே போய் நின்றான்.

"மாப்பிள்ள தலையத் தொட்ட, கெட்ட கோவம் வரும். அது அப்படித்தான் இருக்கும். நேரா வரணும்னா உன் பொட்டியச் சாய்யா!"

போட்டோக்காரர் மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு காலைச் சுருக்கிப் பெட்டியைச் சாய்த்தார்.

அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் ராயப்பன் தலை மட்டும்தான் நேராக இருக்கிறது. மேரி, பூமாலை, சவுரியம்மாள், பங்குச் சாமியார், கோயில் சிலுவை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ராயப்பனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து மாமனாரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனபோது முதலில் போன சாமான் அதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்துக்கு எதிரே உட்காருவார்கள். பூமாலை சிறுத்தையை ஆரம்பிப்பான். வந்தவருடைய பார்வை படத்துக்குப் போகும், தலை மெல்லச் சாயும். பூமாலை அதைக் கவனிப்பான். முன்னைப் போலக் கோபப்பட மாட்டான். பாவம், இவருக்கும் நூல் கொஞ்சம் பலம் குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கதையை மேலே சொல்வான்.